அப்பாவின் கையில் பேனாக் கோடுகள்

அறுந்த நரம்பைத் தைத்துவிட்டால் போதும், கை பழையபடி வேலை செய்யும் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். "நரம்புன்னா என்ன, வயர் மாதிரிதான. ஒட்டுப் போட்டா கரண்டு வந்துட்டுப் போகுது" என்றார் மாமா. அம்மாவின் தம்பி. காளவாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கப்பலூரிலிருந்து போன் வந்ததும் ஏறியிருந்த ஆட்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டு ஓடி, அப்பாவை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவரும் அவர்தான். சட்டையெல்லாம் அப்பாவின் ரத்தம். ஆனாலும் வயர் என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா அழுகையை நிறுத்தினாள்.

அப்பா கப்பலூரில் எண்ணெய் டின் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். தகடுகளை அளவாக வெட்டி அடுக்குகிற வேலை. அன்றைக்கு அடுக்கு சரிந்திருக்கிறது. தடுக்கப் போய் வலது கையை நீட்டியிருக்கிறார். ஒரு தகட்டின் விளிம்பு முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, உள்பக்கமாக இறங்கிவிட்டது. விரல்களுக்குப் போகிற இரண்டு நரம்புகளும் அறுந்துபோயின.

காளவாசல் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில், நுண்ணோக்கி வைத்துத் தைத்தார்கள். மறுநாள் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். என் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்கியதைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"என்ன படிக்கிற?"

"எம்.எஸ்ஸி. சுவாலஜி சார். ரெண்டாவது வருஷம்."

"அப்பச் சரி. நான் தைச்சிருக்கிறது நரம்போட உறையை மட்டும்தான். உள்ள இருக்கிற இழையெல்லாம் வெட்டுக்குக் கீழ செத்துப்போகும். மேல இருந்து புதுசா வளர்ந்து, அந்தப் பழைய உறைக்குள்ள நுழைஞ்சு, விரல் வரைக்கும் வரணும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வந்தாலே பெரிய விஷயம்."

பிறகு என் கையையே பிடித்து, அப்பாவின் தையல் ஆறியதும் அதற்குக் கீழே எப்படித் தட்டிப் பார்ப்பது என்று அதில் தட்டிக் காட்டினார். விரல் நுனியால் மேலிருந்து கீழாக மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். வளரும் நுனிகள் எங்கே வந்து நிற்கின்றனவோ அந்த இடத்தில் தட்டினால் ஷாக் அடித்த மாதிரி சுருக்கென்று விரல்களுக்குள் பாயும். அந்த இடம் வாரத்துக்கு வாரம் கீழே இறங்க வேண்டும்.

"இறங்கலைன்னா உடனே சொல்லணும். திறந்து பார்த்து மறுபடி செய்யணும். தசை ரொம்ப நாள் காத்திருக்காது. ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒன்றரை. அதுக்குள்ள நரம்பு போய்ச் சேரலைன்னா தசை நாராப் போயிரும். அதுக்கப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அந்தச் சொற்களை அப்படியே மனசில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அப்பாவுக்கு அந்தக் கைதான் எல்லாம். எங்களுடையது சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாமல் பிறத்தியார் வயலில் வேலை செய்த குடும்பம். அதிலிருந்து கம்பெனிக்குப் போய் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். எழுதப் படிக்கத் தெரியாது. வேலைக்கு வேண்டியது எல்லாம் அந்த விரல்களுக்குள்தான் இருந்தது. தகட்டின் கனத்தைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தொட்டுச் சொல்வார்.

அந்தச் சமயத்தில் கல்லூரியில் எனக்குப் புராஜெக்ட் தொடங்கியிருந்தது. கோழிக் கருவில் நரம்பு இழைகள் எப்படி வழி கண்டுபிடித்து இறக்கைக்கும் காலுக்கும் போய்ச் சேர்கின்றன என்பதுதான் தலைப்பு. பேராசிரியை கொடுத்த தலைப்பு. விபத்துக்கு முன்பே கொடுத்தது. யாரும் வேண்டுமென்றே பொருத்தவில்லை.

பண்ணையிலிருந்து கருவுள்ள முட்டைகளை வாங்கி வந்து இன்குபேட்டரில் வைப்போம். நாலைந்து நாளானதும் ஓட்டில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டிப் பார்ப்போம். உள்ளே நரம்பெல்லாம் தெரியாது. தெரிவது ஒரு சிவப்புப் புள்ளியின் துடிப்பும், அதைச் சுற்றி விரிந்த ரத்தக் குழாய்களும்தான். இறக்கை வரப்போகும் இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். கருவை எடுத்துப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளி உப்பில் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்த்தால்தான் நரம்பு கறுப்பு நூலாகத் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்ததும் பேராசிரியையைக் கூப்பிட்டேன். முதுகுத் தண்டிலிருந்து கிளம்பிய நூல்கள் ஒரு கற்றையாக அந்தப் புடைப்பின் வாசல்வரை வந்து நின்றிருந்தன.

"ஏன் மேடம் இங்கயே நிக்குது?"

"அங்க கொஞ்ச நேரம் நிக்கும். யார் மேல் பக்கம் போகணும், யார் கீழ் பக்கம் போகணும்னு பிரிஞ்சுக்கிட்டுத்தான் உள்ள போகும்" என்றார் பேராசிரியை. அவர் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினார். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த ஒற்றை இழை. அதன் நுனி விரிந்து, மெல்லிய விரல்களை நீட்டி, தடவித் தடவிப் போனது. ஒரு பக்கம் தொட்டுப் பிடிக்காமல் சுருட்டிக்கொண்டது. மறுபக்கம் பிடித்து, உடம்பையே அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது. வழியில் இருக்கிற செல்கள் சில "வா" என்கிற ரசாயனத்தைச் சுரக்கின்றன, சில "வராதே" என்கின்றன. நுனி அதை முகர்ந்து திரும்புகிறது. இவ்வளவையும் அது செய்வது கரு ரொம்பச் சின்னதாக இருக்கும்போது. முதுகுத் தண்டுக்கும் இறக்கைக்கும் அப்போது கூப்பிடு தூரம்தான். முதல் இழை போய்த் தொட்டுவிட்டால், பின்னால் வருகிறவை அதைப் பிடித்துக்கொண்டே போய்விடும். அப்புறம் உடம்பு வளரும்போது நரம்பும் கூடவே நீளும்.

"முதல்ல போறதுக்குத்தான் கஷ்டம். அதுக்கு முன்னால புடிச்சுக்கிட்டுப் போக யாரும் கிடையாது" என்றார் அவர், சாதாரணமாக. எனக்கு என்னவோ போலிருந்தது. கல்லூரியில் சேர வந்த நாளில் அப்பாவும் நானும் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல், மாணவர் விடுதிச் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

அந்த மாதம் பேராசிரியை இன்னொன்றும் சொன்னார். பாடத்தில் வருகிற பழைய சோதனை. கருவின் முதுகுத் தண்டில் ஒரு துண்டை வெட்டி, தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். தப்பான இடத்திலிருந்து புறப்பட்ட இழைகள், வளைந்து நெளிந்து, குறுக்கே போய், தங்களுக்கு உரிய தசையையே தேடிப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. எனக்கு அப்பாவின் கை ஞாபகம் வந்தது. திருப்பி வைத்தாலே வழி கண்டுபிடிக்கிறதென்றால், நேராகத் தைத்து வைத்ததற்கு என்ன கேடு என்று நினைத்தேன்.

"வளர்ந்த ஆளுக்கும் இப்படித்தானா மேடம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்தச் சிக்னல் எல்லாம் கருவுல இருக்கிறப்ப மட்டும்தான்ப்பா. வளர்ந்ததுக்கப்புறம் பெரும்பாலும் அணைஞ்சிரும். பழைய உறை மட்டும் காலிக் குழாயாக் கிடக்கும். கிடைச்ச குழாயில நுழைய வேண்டியதுதான். கிடைக்கலைன்னா அங்கயே சுருண்டுக்கும்."

நான் அதைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் தலைகீழாகத் திருப்பி வைத்த துண்டின் கதையைத்தான் மனசில் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் துண்டை விரித்து, கையை அதன்மேல் மல்லாத்தி வைத்துத் தட்டிப் பார்க்கத் தொடங்கினேன். சுருக்கென்ற இடத்தில் நீலப் பேனாவால் ஒரு சின்னக் கோடு. அதைச் செல்போனில் ஒரு படம். முதல் வாரம் தையல் தழும்பின் மேலேயே சுருக்கென்றது. அப்பா நாற்காலியோடு துள்ளினார்.

"யம்மாடி! என்னய்யா இது, பிளக்குல கைய விட்ட மாதிரி இருக்கு."

"அதுதாம்ப்பா நுனி. அது இனி கீழ இறங்கணும். அடுத்த வாரம் இங்க வரணும்" என்று அரை விரற்கடை கீழே தொட்டுக் காட்டினேன்.

அம்மா கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "காலேஜில முட்டைய ஒடைச்சு ஒடைச்சுப் பாக்குறது பத்தாதுன்னு இங்கயும் வந்துட்டானா? ஏண்டா, அம்புட்டு முட்டையவும் ஒடைச்சுட்டு என்ன பண்ணுவீக, ஆம்லெட்டாச்சும் போடுவீகளா?"

"சும்மா இருத்தா. அவன் என்னமோ பாக்குறான்" என்றார் அப்பா.

அப்பாவுக்கு விளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கல்லூரியில் நான் செய்கிற எதையும் அதுவரை வீட்டில் யாருக்கும் சொல்ல முடிந்ததில்லை. முதல் தடவையாக ஒரு வழி கிடைத்தது. செல்போனில் சிலைடு படத்தைக் காட்டி, "இது கோழிக் குஞ்சோட நரம்புப்பா. இதுவும் ஒன் கையில இருக்கிற மாதிரிதான். இதுதான் என் புராஜெக்ட்டு. இது எப்புடி வழி தேடிப் போகுதுன்னு பாத்து எழுதிக் குடுக்கணும், அதுக்கு மார்க்கு" என்றேன். அப்பா படத்தையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் மாமா ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தார். பேனாவும் கையுமாக நான் குனிந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு.

"என்ன மாப்ள, பேப்பர் கிடைக்கலையா? அப்பன் கையிலயே பரீட்சை எழுதுற?"

"ஆமா மாமா. பாஸாகிருவேன்."

"பாத்துக்கங்க அத்தான், நரம்பு வரலைன்னா பய பெயிலு" என்று அப்பாவின் தோளைத் தட்டினார் மாமா. எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

அடுத்த வாரம் நுனி, நான் காட்டிய இடத்துக்கு வந்திருந்தது.

அதற்கடுத்த வாரமும் வந்தது. சில வாரங்களில் கொஞ்சம் குறைவாக, சில வாரங்களில் கொஞ்சம் கூடுதலாக. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. உயிருள்ளது அப்படித்தான் போகும், அளவெடுத்து அல்ல. நான் போன வாரக் கோட்டிலிருந்து தட்டிக்கொண்டே வருவேன். பழைய கோட்டைத் தாண்டி அரை விரற்கடை போனதும் அப்பா, "ஆங், இங்க, இங்க" என்பார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் சொல்வார். குளிக்கும்போது அந்தக் கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு குளிப்பார், கோடு அழிந்துவிடக் கூடாதென்று. "ஒங்க அப்பா சாமி வந்த மாதிரி நின்னு குளிக்கிறாரு" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

சோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தக் கோடுகளை டாக்டரிடம் காட்டினேன். செல்போன் படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினேன். அவரும் கடைசிக் கோட்டில் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். "இங்க தெரியுதா?" "தெரியுதுங்க சார்." "விரலுக்குப் பாயுதா?" "பாயுதுங்க." வெளியே நோயாளிகள் வாசல்வரை நின்றிருந்தார்கள். "பையன் நல்லாப் பாத்துக்கிறானே, இப்படி ஒரு பையன் இருந்தா எனக்கு வேலையே இல்ல" என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் பக்கம் திரும்பி, "டாக்டரே சொல்லிட்டாக, பாத்தியா?" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் கைக்காக என்று நினைத்தேன்.

சந்தேகப்பட்டது அம்மா மட்டும்தான். ஒரு நாள் சாயங்காலம் அப்பா டீ டம்ளரை வலது கையில் வாங்கி, இடது கையால் தாங்கிப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்து வைத்தபோது இரண்டு விரல்களில் தோல் வெந்து வெளுத்திருந்தது.

"இம்புட்டு வெந்துருக்கு, ஒரு சத்தம் இல்ல இந்த மனுசன்ட்ட. நரம்பு வந்துருச்சு வந்துருச்சுங்கிறீங்க, எங்கடா வந்துச்சு?"

"இன்னும் தோலுக்கு வந்து சேரலம்மா. மணிக்கட்டுகிட்டதான் வந்துருக்கு. சேந்தாத்தான் சூடு தெரியும்."

"என்னமோ போ. எனக்கு அந்தக் கை வேற யாரு கையோ மாதிரி இருக்கு."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. அதுவும் பாடத்தில் உள்ளதுதான். நரம்பு வரும்வரை தசை மெலியும், வந்ததும் தேறும். நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தது.

புராஜெக்ட்டை முடித்துக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், புறப்படுகிற இழைகளில் எத்தனை கடைசிவரை பிழைக்கின்றன என்று கேட்டார். ஏறக்குறையப் பாதி செத்துப்போகும் என்றேன். தேவைக்கு மேல் கிளம்புகின்றன. தசையிலிருந்து வரும் ஊட்டம் எதற்குக் கிடைக்கிறதோ அது நிற்கும், கிடைக்காதது கருவிலேயே மடியும். "கரெக்ட்" என்றார். நல்ல மதிப்பெண். வீட்டில் அன்றைக்குக் கறி எடுத்தார்கள். அப்பா இடது கையால் பிசைந்து சாப்பிட்டார்.

கோடு மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்தது. இந்நேரம் கட்டைவிரல் அடிச் சதை லேசாகவாவது துடிக்க வேண்டும். துடிக்கவில்லை. ஒரு வாரம், இன்னொரு வாரம் என்று பார்த்தேன். டாக்டரிடம் போனோம். அவர் முகம் சுருங்கியது. "கரண்டு வெச்சுப் பாத்துருவோம்" என்றார்.

ஒரு சின்ன அறையில், அப்பாவின் கையில் பட்டைகளை ஒட்டி, மேலே தூண்டிவிட்டுக் கீழே அலை வருகிறதா என்று பார்த்தார்கள். திரையில் கோடு படுத்தே கிடந்தது. இடத்தை மாற்றி மாற்றி வைத்தும் எழவில்லை. பிறகு டாக்டர் தழும்பை விரலால் அழுத்திப் பார்த்தார். அங்கே உள்ளே ஒரு சின்ன உருண்டை இருந்தது. அதன்மேல் ஒரு தட்டு. அப்பா அலறிவிட்டார். முதல் வாரம் நாற்காலியோடு துள்ளியது போலவே.

"இங்கயேதான் நிக்குது" என்றார் டாக்டர். "ஒரு மில்லிமீட்டர்கூடக் கீழ வரல. குழாய் கிடைக்காம இங்கயே சுருண்டு கட்டியாகியிருக்கு. நீங்க கோடு போட்டுக்கிட்டு வந்தீங்களே, அது எப்படிப்பா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புரியாத எதிலோ தப்புக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்து பார்க்கிற பார்வை அது.

வெளியே வந்து காளவாசல் முக்கில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமா ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்து சேர்ந்தார். வண்டிச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை.

"அப்பா, வாரா வாரம் சுருக்குங்குதுன்னு சொன்னியே."

அவர் இடது கையால் டீ டம்ளரை எடுத்தார்.

"தட்டுனப்ப ஒண்ணுமே தெரியலையா?"

"மேல தெரியும். அந்தத் தழும்புல. கீழ தெரியாது."

"அப்பறம் ஏம்ப்பா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "நீதான அடுத்த வாரம் இங்க வரணும்னு தொட்டுக் காட்டுவ. வரலைன்னு சொன்னா ஒனக்கு மார்க்கு கொறைஞ்சுரும்லய்யா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மாமாதான் முதலில் புரிந்துகொண்டார்.

"அது கோழிக்குப்பா. கோழி நரம்புக்குத்தான் மார்க்கு. ஒன் கைக்கு இல்ல."

"நீதான ரெண்டும் ஒண்ணுன்னு சொன்ன. படம் வேற புடிச்ச. டீச்சரம்மாட்ட காட்டுவன்னு நெனைச்சேன். நம்ம வீட்டுல ஒருத்தன் படிச்சு ஏறி வாரான், என் கையினால அவன் எறங்கிறக் கூடாதுன்னு…"

"மார்க்குதான் வந்துருச்சே. கறியெல்லாம் எடுத்தீகளே. அதுக்கப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமே!"

"குடுத்ததத் திருப்பிக் கேட்டாகன்னா? ரேசன் கார்டக் குடுத்துட்டு, வீட்டப் பாக்க வந்துட்டு, திருப்பி வாங்கிட்டுப் போகலையா? விசாரணைக்கு வந்தாலும் வருவாக, ஒரே மாதிரி சொல்லணும்னு இருந்தேன்."

மாமா எழுந்து போய் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "நான் அன்னைக்கு வெளையாட்டுக்குச் சொன்னேன் அத்தான்" என்றார். "வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்." அப்பா அவருக்கும் ஒரு டீ சொன்னார்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனபோது டாக்டர் ஒளிக்காமல் பேசினார். தழும்பிலிருந்த கட்டியை வெட்டி எடுத்துவிட்டு, கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து இடையில் பாலமாக வைத்துத் தைக்கலாம். ஆனால் அதன் வழியாக இழை வளர்ந்து உள்ளங்கைக்கு வரும்போது தசை மிஞ்சியிருக்காது. விரல் பழையபடி மடங்கி நீளும் என்று உறுதி சொல்ல முடியாது. தொடு உணர்வு கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம்.

"இத மொதல்லயே செஞ்சிருந்தா சார்?" என்று அம்மா கேட்டாள். டாக்டர் ஃபைலைப் புரட்டினார்.

அப்பா கேட்டது ஒன்றுதான். "சூடு தெரியுமா சார்?"

"தெரியலாம்."

"அப்பச் செஞ்சுருங்க. வீட்டுல இவ பேச்சு தாங்க முடியல." அம்மா சிரிக்கவில்லை.

இரண்டாவது அறுவை முடிந்து இப்போது மாதங்கள் ஆகின்றன. அப்பா கம்பெனிக்குப் போவதில்லை. கொஞ்ச நாள் அதே கம்பெனியில் வாட்ச்மேனாக வாசலில் உட்காரச் சொன்னார்கள். தகடு வெட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று நின்றுவிட்டார். காலில் நரம்பெடுத்த இடத்துக்குக் கீழே, பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துக் கிடக்கிறது. "கைக்குக் கொடுத்துட்டுக் காலு சும்மா கெடக்கு" என்பார்.

நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மாணவர்களுக்கு முட்டையில் சன்னல் வெட்டக் கற்றுத் தருகிறேன். இறக்கைப் புடைப்பின் வாசலில் நிற்கிற கறுப்பு நூல்களை அவர்கள் நுண்ணோக்கியில் பார்த்து, "ஏன் சார் இங்கயே நிக்குது?" என்று கேட்பார்கள். அங்கே கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு போகும் என்று சொல்கிறேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி தட்டிப் பார்க்கிறோம். இப்போது ஒரு ஏற்பாடு. அப்பா முகத்தை வீட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். எங்கே வர வேண்டும் என்று நான் சொல்வதில்லை. வரிசையாகவும் தட்டுவதில்லை. கோடு போடுவதில்லை. நரம்பே ஓடாத இடத்திலும் நடுநடுவே தட்டுவேன்.

தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் "இல்ல" என்றார். வாரக்கணக்கில் "இல்ல"தான். ஒவ்வொரு "இல்ல"வும் சொல்லும்போது குரல் இறங்கும், ஏதோ அவர் செய்த குற்றம் போல. "இல்லைன்னா இல்லைன்னே சொல்லுப்பா, அதுதான் எனக்கு வேணும்" என்பேன். "சொல்லிட்டுத்தான இருக்கேன்" என்பார் சுவரைப் பார்த்தபடி. எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. முன்பு எல்லாம் "ஆமா" என்றவர், இப்போது நான் "இல்ல"யைக் கேட்கிறேன் என்று அதையே எடுத்துக் கொடுக்கிறாரோ?

போன ஞாயிறு அதே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மணிக்கட்டின் பக்கம் தட்டினேன். "இல்ல." புறங்கை எலும்பில் தட்டினேன். "இல்ல." புதுத் தழும்புக்கு ஒரு விரற்கடை கீழே தட்டினேன்.

அவர் தோள் லேசாக அசைந்தது.

"இங்கயாப்பா?"

"தெரியல. என்னமோ ஓடுன மாதிரி இருக்கு."

நான் முழங்கைக்கு வெளிப்பக்கம், அந்த இரண்டு நரம்புகளும் வராத இடத்தில் தட்டினேன்.

"அங்க எதுக்குய்யா தட்டுற? அங்க ஒண்ணுமில்ல. முன்ன தட்டுனியே, அங்க."

மறுபடி அதே இடத்தில் தட்டினேன். இந்தத் தடவை மடங்கிக் கிடந்த சுண்டுவிரலைத் திரும்பிப் பார்த்தார். அது அசையவில்லை. ஆனால் அங்கேதான் ஏதோ ஓடியிருக்கிறது என்று அவர் பார்த்த விதத்தில் தெரிந்தது.

பழக்கத்தில் என் கை சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது.

"கோடு போடாத" என்றார் அப்பா. "அடுத்த வாரமும் சொன்னேன்னாப் போடு."

பேனாவை விட்டுவிட்டேன். வலது கை துண்டின்மேல் மல்லாந்து கிடந்தது. விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, சதை வற்றி, நகம் மட்டும் வளர்ந்திருந்தது. அவர் அதை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.